அடைக்கோழியும் குஞ்சுகளும்: வீடு திரும்பிய குடும்பங்களுக்கு ஆற்றிய உரை



உங்களுக்குக் கோழி வளர்க்கச் சொல்லித்தர நான் வரவில்லை. வன்னியில் கோழி நிற்காத வளவு முன்பு இருந்ததில்லை. ஆனால் அப்போது ஒரு வளவில் இருபது, முப்பது கோழி நின்றது. ஓர் அடை பிழைத்தால் இன்னொரு அடை இருந்தது. பருந்து நாலு குஞ்சைத் தூக்கினாலும் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது பெரும்பாலான வீடுகளில் ஒரு சேவலும் மூன்று நாலு பேடுகளும்தான். சிலரிடம் அதுவும் இல்லை. இந்த நிலையில் ஓர் அடை பிழைத்தால் நாலு மாதம் பின்னுக்குப் போய்விடும். அதனால்தான் இன்று அடையைப் பற்றி மட்டும் கதைக்கிறேன்.

கணக்கை முதலில் பாருங்கள். ஊர்க்கோழி ஒரு சுற்றில் 12 முதல் 15 முட்டை இடும். பிறகு அடைக்குக் கிடக்கும். 21 நாள் அடைகாத்து, குஞ்சு பொரித்து, இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரிந்துவிட்டுத்தான் திரும்ப முட்டைக்கு வரும். அப்படிப் பார்த்தால் ஒரு பேட்டிடமிருந்து வருடத்தில் மூன்று சுற்றுத்தான் கிடைக்கும். ஒரு சுற்றில் 12 முட்டை வைத்து 9 பொரித்தாலும், பார்க்காமல் விட்டால் அதில் பாதிக்கு மேல் முதல் எட்டுக் கிழமைக்குள் போய்விடும். முட்டை குறைவு என்று ஆட்கள் கவலைப்படுகிறார்கள். உண்மையில் நட்டம் வருவது அந்த எட்டுக் கிழமையில்தான்.

எந்த முட்டையை வைப்பது என்று பார்ப்போம். கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது. அங்கே சேவல் இல்லை. வளவில் சேவல் நின்றால்தான் முட்டையில் உயிர் இருக்கும். எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு நல்ல சேவலை வைத்துக்கொள்ளலாம். உதவியாகக் கிடைத்த கோழி பண்ணைக்கோழி என்றால் அது நன்றாக முட்டை இடும், ஆனால் அடைக்குக் கிடக்காது. அந்தக் குணத்தை இனப்பெருக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். கோழி தானாகப் பெருக வேண்டும் என்றால் வளவில் ஊர்ப்பேடு ஒன்றாவது நிற்க வேண்டும். பண்ணைப் பேட்டின் முட்டையையும் சேவல் சேர்ந்திருந்தால் ஊர்ப்பேட்டின் கீழ் வைத்துப் பொரிக்கலாம்.

அடைக்கென்று சேர்க்கும் முட்டையைக் கழுவ வேண்டாம். கூரான பக்கம் கீழே வரும்படி, குளிர்ச்சியான மூலையில் ஒரு சட்டிக்குள் வையுங்கள். தகரக் கொட்டிலின் உள்ளே மத்தியான வெயிலில் வைத்தால் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். மரநிழலில், மண் தரையில் வைப்பது நல்லது. ஏழு நாளுக்குள் இட்ட முட்டை மிக நல்லது, பத்து நாளுக்கு மேல் போனால் பொரிப்பது குறையும். மெத்தப் பெரியது, மெத்தச் சிறியது, ஓடு மெல்லியது, கீறல் விழுந்தது எல்லாம் குசினிக்குப் போகட்டும்.

இப்போது சொல்வதைத் தயவு செய்து வீட்டில் உள்ள எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கோழிக்கு மறைவான இடம்தான் விருப்பம். வளவில் நல்ல கூடு இல்லாவிட்டால் அது பக்கத்துப் பற்றைக்குள் போய் முட்டை இடும். முன்பு என்றால் பிள்ளைகளைப் பின்னால் விட்டு முட்டையை எடுத்துவருவோம். இப்போது அந்தப் பற்றை துப்புரவாக்கப்பட்ட காணியா இல்லையா என்று பார்க்க வேண்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் கோழி போனால் போகட்டும். உரிமையாளர் திரும்பி வராத, இன்னும் பார்த்து முடிக்காத காணிக்குள் போனாலும் அப்படித்தான். ஒரு கோழிக்காகவும் பதினைந்து முட்டைக்காகவும் யாரும் அங்கே காலடி வைக்கக் கூடாது. அது அங்கே அடைக்குக் கிடந்தால் நாளுக்கு ஒரு தடவை இரை தின்ன வளவுக்கு வரும். குஞ்சு பொரித்தால் கூட்டிக்கொண்டு தானே வரும். வராவிட்டால் அந்தக் கோழியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பற்றைக்குள் சந்தேகமான பொருள் எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

பேடு அங்கே போகாமல் இருக்க வழி இருக்கிறது. கோழி அனேகமாகக் காலையில்தான் முட்டை இடும். ஆகவே விடிந்தவுடன் கூட்டைத் திறக்காமல் ஒன்பது, பத்து மணிக்குத் திறவுங்கள். கூட்டின் இருட்டான மூலையில் பழைய கடகம் ஒன்றில் வைக்கோல் போட்டு வைத்து, ஒரே ஒரு முட்டையைக் கரியால் அடையாளம் போட்டு அதற்குள் விட்டுவிடுங்கள். மற்ற முட்டைகளை நாளுக்கு நாள் எடுத்தாலும் அந்த ஒன்றைக் கண்டு பேடு திரும்பவும் அங்கேயே வந்து இடும். பற்றைக்குப் பழகிய பேட்டை நாலைந்து நாள் முழுவதும் அடைத்து வைத்து, இரையும் தண்ணீரும் உள்ளே கொடுத்தால் பழக்கம் மாறும். மாறாத பேடும் உண்டு. அதை விற்றுவிடுவதே பாதுகாப்பு.

பேடு அடைக்கு வந்துவிட்டதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டை விட்டு எழும்பாது, செட்டையை விரித்துச் சிலிர்க்கும், கிட்டப் போனால் கொத்தும், குரல் மாறும். ஆனால் அடைக்குக் கிடந்த உடனே முட்டையை வைத்துவிட வேண்டாம். இரண்டு நாள் அந்தக் கரி போட்ட முட்டையோடு விட்டுப் பாருங்கள். இரண்டாம் இரவும் எழும்பாமல் கிடந்தால் அது உறுதியான அடை. மூன்றாம் நாள் இரவில், வெளிச்சம் இல்லாமல் முட்டைகளை அதன் கீழே வையுங்கள். ஊர்ப்பேட்டுக்கு 10 முதல் 12 போதும். 15 வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும், புரட்டும்போது அது நடுவுக்கும் நடு முட்டை ஓரத்துக்கும் மாறிமாறி எல்லாம் கெட்டுப்போகும்.

அடைக்கூட்டை மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்துவிட வேண்டும். சிறு கூட்டத்தில் அதிகம் நடக்கிற பிழை இதில்தான். ஒரே கடகத்தில் மற்றப் பேடுகளும் வந்து முட்டை இடும். அடைக்கோழியை நெருக்கித் தள்ளும், முட்டை உடையும். புதிய முட்டையும் பழைய முட்டையும் கலந்துவிட்டால் முதல் குஞ்சுகள் பொரித்தவுடன் தாய் எழும்பிப் போய்விடும், மிச்சத்தில் அரைவாசி வளர்ந்த குஞ்சு செத்துக் கிடக்கும். எனவே வைத்த எல்லா முட்டையிலும் கரியால் ஒரு வட்டம் போடுங்கள். அடையாளம் இல்லாத முட்டையை அன்றன்று எடுத்துவிடுங்கள். வசதி இருந்தால் அடைக்கோழியைக் கடகத்தோடு இரவில் தூக்கி, கிடுகு வேய்ந்த ஒரு தனி மறைவுக்குள் வையுங்கள். தகரத்துக்கு நேர் கீழே வேண்டாம். வைகாசி, ஆனி வெயிலில் அந்தச் சூட்டில் கோழியும் தாங்காது, முட்டையும் தாங்காது.

கடகத்தின் அடியில் முதலில் கொஞ்சம் மண் போட்டு, அதன்மேல் சாம்பல், அதன்மேல் வைக்கோல், இடையில் காய்ந்த வேப்பிலை. சாம்பலும் வேப்பிலையும் பேனுக்கும் செள்ளுக்கும். அடைக்கோழி 21 நாள் ஒரே இடத்தில் கிடப்பதால் பேன் பெருகினால் அரிப்புத் தாங்காமல் முட்டையை விட்டு எழும்பிவிடும். கோழி அடையைக் கைவிட்டது என்று நாங்கள் திட்டுவோம், காரணம் பேனாக இருக்கும். வைக்கும் முன்பே செட்டைக்கடியிலும் வால் பக்கமும் மெல்லிய சாம்பலைத் தேய்த்துவிடுங்கள். இடி முழக்கத்துக்கு முட்டை கூழாகிவிடும் என்று இரும்புத் துண்டு வைக்கிற வழக்கம் உண்டு. வைப்பதால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் மழை நாளில் முட்டை கூழாவது ஈரத்தாலும் குளிராலும்தான். இரும்பை வைத்துவிட்டு ஒழுகும் கூரையை அப்படியே விட வேண்டாம்.

நாளுக்கு ஒரு தடவை அடைக்கோழி இறங்கி, தின்று, குடித்து, கழித்து, மண்ணில் புரண்டுவிட்டு வர வேண்டும். பதினைந்து இருபது நிமிடம் போதும். சில பேடு நல்ல தாய், எழும்பவே மாட்டாது. அதை நீங்களே இரண்டு கையாலும் தூக்கி இறக்கிவிடுங்கள், செட்டைக்கடியில் முட்டை ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டு. தண்ணீரைக் கடகத்துக்குக் கிட்ட, ஆனால் அதற்குள் சிந்தாதபடி வையுங்கள்.

ஏழாம் நாள் இரவு ரோச் லைட்டை எடுங்கள். முட்டையின் அகன்ற பக்கத்தைக் கையைக் குவித்து ரோச்சுக்கு மேல் பிடித்தால், உயிருள்ள முட்டைக்குள் சிலந்தி போல ஒரு புள்ளியும் சிவந்த நரம்புகளும் தெரியும். ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் அது கூழ்முட்டை. அதை எடுத்துவிடுங்கள், கிடந்து அழுகினால் வெடித்து மற்றதையும் கெடுக்கும். இரண்டு பேட்டை ஒரே இரவில் அடைக்கு வைத்திருந்தால் இந்தச் சோதனையில் இன்னொரு நன்மை கிடைக்கும். இரண்டிலும் கூழ்முட்டையைக் கழித்துவிட்டு, மிச்சம் 12 அளவில் இருந்தால் ஒரு பேட்டின் கீழே சேர்த்துவிடலாம். மற்றது சும்மா இருந்து முட்டைக்கு வரும்.

வைத்த நாளைக் கலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். செவ்வாய் இரவு வைத்தால் மூன்று கிழமை கழித்து வரும் செவ்வாயை ஒட்டிப் பொரிக்கும். 18ஆம் நாளுக்குப் பிறகு கடகத்தை அசைக்க வேண்டாம், ரோச் அடிக்க வேண்டாம். ஓட்டை உடைத்துக் குஞ்சை வெளியே எடுக்கவும் வேண்டாம். குஞ்சு தானாக வெளிவரச் சில சமயம் ஒரு நாள் முழுக்க எடுக்கும், அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் ஒழுகிச் செத்துவிடும். முதலில் பொரித்த குஞ்சு பசியில் இருக்கிறதே என்று தாயை எழுப்பவும் தேவையில்லை. மஞ்சள் கருவை உள்ளிழுத்துக்கொண்டுதான் குஞ்சு பிறக்கிறது. இரண்டு நாள் இரை இல்லாமல் அதற்குத் தாங்கும். 22ஆம் நாள் முடிந்தும் அசைவில்லாத முட்டையை எடுத்துவிட்டு, குஞ்சுகளையும் தாயையும் வெளியே கொண்டுவாருங்கள்.

இனித்தான் எட்டுக் கிழமைக் காவல்.

முதல் மூன்று கிழமை தாயையும் குஞ்சுகளையும் வளவு முழுக்கத் திரிய விட வேண்டாம். பெரிய கூடையைக் கவிழ்த்து அதற்குள் தாயை வைத்து, குஞ்சு மட்டும் போய்வர இடைவெளி விடலாம். கடற்கரைப் பக்கத்துக் குடும்பங்களிடம் கிழிந்த வலை இருக்கும். நாலு தடியை ஊன்றி, வலையை மேலும் பக்கமும் போட்டால் பருந்துக்கும் காகத்துக்கும் போதும். பல வருடம் ஆள் இல்லாமல் கிடந்த ஊரில் கீரியும் மரநாயும் உடும்பும் பெருகிவிட்டன. கட்டாக்காலி நாய் வேறு. பகலில் வலை, இரவில் பலகையோ தகரமோ அடித்த, நிலத்திலிருந்து உயர்த்திய கூடு. கீரி மண்ணைத் தோண்டி வரும், பாம்பு விரல் அளவு இடைவெளி இருந்தாலும் வரும். கூடு கட்டும்போது பெரிய கோழிக்கு ஏற்ற இடைவெளி பார்க்காமல் குஞ்சுக்கு ஏற்ற இடைவெளி பாருங்கள்.

மற்றக் கோழிகளோடு சேர்ப்பதிலும் அவசரம் வேண்டாம். பேடு தன் குஞ்சை அறியும், மற்றதன் குஞ்சைக் கொத்தும். சேவல் பொதுவாகக் குஞ்சைத் தொடாது. ஆனால் இரை போடும் இடத்தில் பெரிய கோழிகள் மிதித்தும் தள்ளியும் குஞ்சு சாகும். குஞ்சுக்கு இரையை அதன் கூடைக்குள்ளேயே போடுங்கள், பெரிய கோழிக்கு வேறு மூலையில். இன்னொரு பேட்டின் குஞ்சைச் சேர்த்து வளர்க்க வேண்டும் என்றால் பொரித்து இரண்டு மூன்று நாளுக்குள், இரவில், செட்டைக்கடியில் வைத்துவிட வேண்டும். விடிந்தால் இரண்டும் அதற்கு ஒன்றுதான். 15 குஞ்சு வரை ஒரு தாய் வெயில் காலத்தில் பார்த்துக்கொள்ளும். மழை நாளில் அவ்வளவுக்கும் செட்டை காணாது.

இரைக்கு அரிசிக் குறுணல், இடித்த குரக்கன், கொஞ்சம் தவிடு. ஆனால் குஞ்சு தானியத்தால் மட்டும் வளராது. அதற்குக் கறையான் வேண்டும். பழைய சட்டி ஒன்றில் காய்ந்த சாணமும் வைக்கோலும் தென்னம் பொச்சும் போட்டு, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டம் உள்ள இடத்தில் பின்னேரம் கவிழ்த்து வையுங்கள். விடியத் திறந்தால் குஞ்சுக்குப் போதிய கறையான் பிடித்திருக்கும். காசு செலவில்லை. கூழ்முட்டையிலும் அழுகாததை அவித்து உதிர்த்துக் குஞ்சுக்குப் போடலாம். முருங்கை இலையைப் பொடியாக அரிந்தும் போடலாம். உப்புப் போட்ட மிச்சச் சோறு, கருவாட்டுத் துண்டு மட்டும் வேண்டாம். தண்ணீரைச் சிரட்டையில் வைத்து, நடுவில் ஒரு கல் போடுங்கள், குஞ்சு விழுந்து மூழ்காது. நாளுக்கு இரண்டு தடவை தண்ணீரை மாற்றுங்கள்.

நோயில் ராணிக்கெட்தான் முதல் எதிரி. பச்சையாகவும் வெள்ளையாகவும் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்துத் திரும்பும், இரண்டு மூன்று நாளில் வளவே வெறுமையாகிவிடும். வந்த பிறகு மருந்து இல்லை, வரும் முன் தடுப்பூசி மட்டும்தான். குஞ்சுக்கு முதல் கிழமைகளில் கண்ணில் சொட்டாக விடுவது உண்டு, வளர்ந்த பிறகு மற்றது. எந்த வயதில் எது என்பதை உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகம் சொல்லும். ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மருந்து குளிரில் இருக்க வேண்டும், கரைத்த பிறகு சில மணி நேரத்தில் பாவித்து முடிக்க வேண்டும், ஒரு குப்பி நூற்றுக்கு மேற்பட்ட கோழிகளுக்கானது. ஆறு குஞ்சுக்காக யாரும் ஒரு குப்பியை உடைக்க மாட்டார்கள். பத்து வீடு சேர்ந்து ஒரே கிழமையில் அடை வைத்தால் குஞ்சுகள் ஒரே வயதில் இருக்கும், போதனாசிரியரை ஒரே நாளில் கூப்பிடலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைக் கதைத்துத் திகதி வையுங்கள். சந்தையில் வாங்கிய கோழியை இரண்டு கிழமை தனியாகக் கட்டி வைத்த பிறகே மற்றதோடு விடுங்கள். செத்த கோழியைப் பற்றைக்குள் எறியாமல், துப்புரவாக்கிய உங்கள் சொந்த வளவுக்குள்ளேயே ஆழமாகப் புதையுங்கள்.

எந்த மாதத்தில் வைப்பது? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்குள் பொரிக்கும் குஞ்சு குளிரில் நனைந்து சாகும், நுளம்பு கடித்து அம்மையும் வரும். தைப்பொங்கல் கழிந்து அடை வைத்தால் மாசியில் குஞ்சு இறங்கும். மழை விட்டிருக்கும், பெரும்போக அறுவடை நடக்கும், வயலில் சிந்திய நெல்லும் பூச்சியும் கிடைக்கும். வருடத்தின் மிக நல்ல அடை அதுதான். உதவித் திட்டங்களிலும் சில இடங்களில் அடைமழைக்குள் குஞ்சுகளைப் பங்கிட்டு, ஒரு மாதத்தில் ஒன்றும் மிஞ்சாமல் போனதைக் கண்டிருக்கிறேன். பட்டியலில் உங்கள் பெயர் வந்தால், கூடு கட்டி முடியும்வரை அல்லது மழை விடும்வரை திகதியைப் பிற்போடச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதால் உரிமை பறிபோகாது.

மழைக்காலத்தில் பேடு அடைக்குக் கிடந்தால் அடையைக் கலைத்து முட்டைக்குத் திருப்புவதே மேல். கலைப்பதற்குத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு குத்துவதும் ஊரில் உண்டு. அது கோழிக்கு வேதனை, மழை நாளில் நனைத்தால் சளியும் பிடிக்கும். தடிகளால் அடித்தளம் போட்ட, கீழே காற்றுப் போகும் கூட்டில், வைக்கோல் இல்லாமல், வெளிச்சத்தில் மூன்று நாலு நாள் வையுங்கள். இரையும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்து அடை கலையும், ஒன்றிரண்டு கிழமையில் திரும்ப முட்டை இடும். அடைக்குக் கிடந்த முதல் நாளே இதைச் செய்தால் சுலபம், ஒரு கிழமை விட்டுவிட்டால் கலைப்பது கடினம்.

குஞ்சு எட்டுக் கிழமை ஆகும்போது தாய் தானே கொத்தி விலக்கும். இரை போதியளவு கொடுக்க முடிந்தால் ஐந்தாம், ஆறாம் கிழமையிலேயே தாயைப் பிரித்து மற்றக் கோழிகளோடு விட்டுவிடலாம், அது அவ்வளவு சீக்கிரம் முட்டைக்கு வரும். குஞ்சுகளை அதே கூட்டில் விடுங்கள். இடத்தை மாற்றினால் பொழுதுபட மரத்தில் ஏறப் பார்க்கும். விற்கும் நேரம் வந்தால் சேவல் குஞ்சுகளை விற்கலாம். பேட்டுக் குஞ்சுகளில், நன்றாக அடைகாத்து அதிகம் குஞ்சு காப்பாற்றிய தாயின் குஞ்சுகளுக்குக் காலில் ஒரு துணி நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். காலில் இறுக்காமல் கட்டி, வளர வளர அவிழ்த்து மாற்றிக் கட்ட வேண்டும். அடுத்த தையில் அடை வைக்கப் போவது அவற்றைத்தான். சேவலை மட்டும் அதே தாயின் குஞ்சிலிருந்து எடுக்காமல் அடுத்த ஊரில் மாற்றிக்கொள்ளுங்கள்.